குவைத் மேனேஜரும் தக்காளிச் சோறும்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த துண்டுச் சீட்டைப் படித்ததும் அஹமது கபீருக்கு இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

சுதந்திரப் பொன்விழாவாம். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும், தகப்பனார் என்ன தொழில் செய்கிறாரோ அந்த வேஷத்தில் மேடையேறி, இரண்டு வரி பேச வேண்டுமாம்.

“அத்தா, குவைத்ல நீங்க என்ன டிரஸ் போட்டுக்குவீங்க?” என்றாள் மகள் ஃபஹ்மிதா.

கபீர் குவைத்தில் ஒரு கம்பெனியின் மேனேஜர் என்பது நாகப்பட்டினத்துக்கே தெரியும். அந்தக் கம்பெனியில் அறுபது பேருக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடும் சமையல்காரர் என்பது கபீருக்கு மட்டும் தெரியும். பொய் சொல்ல வேண்டுமென்று அவர் ஆரம்பிக்கவில்லை. முதல் கடிதத்தில் ‘கம்பெனியில் வேலை’ என்றுதான் எழுதினார். அப்புறம் கடிதத்துக்குக் கடிதம் தனக்குத்தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார். ஆறு வருஷத்தில் மேனேஜர். இன்னும் இரண்டு கடிதம் போட்டிருந்தால் கம்பெனியே அவருடையதாகியிருக்கும்.

மானம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து லீவுக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற அறுபது நாள். அந்த அறுபது நாளும் அவர் வெந்நீர்கூட வைக்கத் தெரியாத ஆம்பிளை. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மனைவி ஆசியா சமைத்துப் போடுவாள். உண்மை வெளியே வந்தால் அந்தச் சுகம் போச்சு.

“கோட்டு, டை, கையில ஒரு பெட்டி,” என்றார் கம்பீரமாக.

அடுக்களையிலிருந்து ஆசியா எட்டிப் பார்த்தாள். “அந்த வெயில்லயா மச்சான் கோட்டு?”

“ஏசி புள்ள. பூரா ஏசி.”

“மேனேஜருன்னா என்ன வேலைங்க?”

“மேற்பார்வை.”

“எதை?”

“எல்லாத்தையும்தான்!”

“அப்ப நல்லதாப் போச்சு. அன்னிக்கு இருநூறு பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல தக்காளிச் சோறு போடுறாங்க. மேற்பார்வைக்கு ஆள் இல்லைன்னு டீச்சர் பொலம்புனாங்க. உங்களைச் சொல்லிடுறேன்.”

“சமையலைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“உங்களை யாரு சமைக்கச் சொன்னா? அதுக்கு நல்லக்கண்ணு வர்றாரு. நீங்க நாற்காலியில உக்காந்து பாத்தாப் போதும்.”

நாற்காலி என்றதும் கபீர் சம்மதித்தார். கணவன்மார்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் உட்கார இடம் இருக்கிறது என்று போய்த்தான்.

பதினைந்தாம் தேதி கொடி ஏறியது, மிட்டாய் வந்தது, பிள்ளைகள் மேடைக்கு வந்தார்கள். படகுக்காரர் காயாரோகணத்தின் மகன் ஜெகன் தோளில் வலையோடு வந்தான். வலைக்குள் நிஜ மீன். முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போனது. கண்டக்டர் மகள் ஒரு விசில் கொடுத்தாள். பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இரண்டு விசில் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார்கள். வக்கீல் மகனுக்கு வசனம் மறந்துவிட்டது. அப்பாவைப் போலவே வாய்தா வாங்கிக்கொண்டு இறங்கினான்.

ஃபஹ்மிதா கோட்டும் டையுமாக வந்தாள். “மை ஃபாதர் இஸ் எ மேனேஜர் இன் குவைத். ஹி மேனேஜஸ் எவ்ரிதிங்!”

கைதட்டலில் கபீருக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்த்தது. அப்போதுதான் ஆசியா வந்து காதைக் கடித்தாள்.

“நல்லக்கண்ணுவைக் காணோம் மச்சான். மணி ஒம்பதரை. நானும் டீச்சரம்மாவும் ஆரம்பிக்கிறோம். வந்து உக்காருங்க.”

பின்கட்டில் அடுப்பு எரிந்தது. கபீர் உட்கார்ந்தார். ஆசியா வெங்காயத்தைச் செங்கல் செங்கலாக அரிந்தாள். எண்ணெய் காய்வதற்கு முன்பே அண்டாவில் கொட்டினாள். கபீர் வானத்தைப் பார்த்தார்.

“வெங்காயம் வதங்கலையே புள்ள.”

“அதெல்லாம் வதங்கிடும். நீங்க மேற்பார்வை பாருங்க.”

தக்காளி முழுசு முழுசாக விழுந்தது. கபீர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அரிசியை இப்பப் போடாதே!”

“ஏன்?”

“கொழைஞ்சிரும்னு… கேள்விப்பட்டேன்.”

“தண்ணி எவ்வளவு மச்சான்?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“சரி, இன்னும் ரெண்டு குடம் ஊத்திப் பாப்போம்.”

குடம் சாய்ந்தது. கபீர் எழுந்துவிட்டார்.

“தள்ளு புள்ள!”

சட்டைக்கை மடிந்தது. கொள்ளிக்கட்டை இரண்டு வெளியே வந்தன. ஒரு கூடை வெங்காயம் கண்ணை மூடித் திறப்பதற்குள் பொடியானது. மலையாளத்திலும் அரபியிலும் அவர் யார் யாரையோ ஏவினார். டீச்சரம்மா பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். பட்டையும் கிராம்பும் நெய்யில் பொரிந்த வாசனை மேடையை எட்டியதும், மூவர்ணக் கொடி நடனத்தில் முதலில் காவி கலைந்தது. அப்புறம் பச்சை. கடைசியில் டேப் ரிக்கார்டர் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. பாரத மாதா வேஷம் போட்டிருந்த பிரதீபா கிரீடத்தோடு வந்து முதல் ஆளாகத் தட்டை நீட்டினாள்.

“என்ன கபீரண்ணே, மேனேஜருன்னாங்க?” என்றார் காயாரோகணம்.

ஃபஹ்மிதா டையைச் சரிசெய்துகொண்டாள். “மேனேஜருன்னா சமைக்கத் தெரியக்கூடாதா?”

கபீருக்குப் போன உயிர் திரும்பியது. அந்த நேரம் பார்த்து, கரண்டிகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு நல்லக்கண்ணு சாவகாசமாக சைக்கிளில் வந்து இறங்கினார்.

“இதுவாய்யா வர்ற நேரம்?” என்று பாய்ந்தார் கபீர்.

“அக்காதாங்க சொன்னாங்க. பதினோரு மணிக்கு மேல வந்தாப் போதும், அதுக்குள்ள வேற ஒருத்தர் முடிச்சிடுவாருன்னு.”

கபீர் மெதுவாகத் திரும்பினார். ஆசியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“போன லீவுலேயே. பேனா பிடிக்கிற விரல்ல மை தானே இருக்கும்? உங்க விரல்ல கத்திக் காய்ப்பு.”

“கேட்டிருக்கலாமே புள்ள.”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாலு பேரு பசியாத்துற கைக்கு என்ன மச்சான் வெக்கம்?”

கபீருக்குக் கண் கலங்கியது. புகைதான் என்று சொல்லிக்கொண்டார். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்?

“ஊர்ல யாருகிட்டயும் சொல்லிட மாட்டியே?”

“சேச்சே! நான் ஏன் சொல்றேன்?” என்றாள் ஆசியா. “நாளைக்கு எங்க அம்மா வீட்டு ஆளுங்க பதினெட்டுப் பேரு சாப்பிட வர்றாங்க. வெங்காயம் மட்டும் நான் உரிச்சுத் தரட்டா, இல்ல அதையும் நீங்களே பாத்துக்கிறீங்களா?”