மாப்பிள்ளைக்கு வாங்கிய குளிர்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். வீட்டிலுள்ள மின்சாதனங்களும் சௌக்கியம். அவற்றால்தான் இந்தக் கடிதமே. அங்கே நீங்களும் எங்கள் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்று, "மாப்பிள்ளையா? கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிக்கொள்வாள். தவிர, நான் சொல்லப்போவதை உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். பெண்ணிடம் காட்ட வேண்டாம்.

நீங்கள் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறீர்கள். மாமனார் மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடாத ஒரு கேள்வியை உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கிரெடிட் கார்டில் ஒரு கடன் இருக்கிறது. நான் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் உங்கள் அத்தையின் பெயரில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. அதை எடுத்து இதை அடைக்கலாமா, கூடாதா? டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழு வருகிறது. கார்டுக்கு மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று போகிறது. ஒன்பதாம் வகுப்பில் எவனாவது இப்படிக் கேட்டிருந்தால், "இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்று பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன். ஆயுசு முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்து, கரும்பலகை தேயத் தேயக் கூட்டுவட்டி நடத்திய நான், ஒன்றரை வருஷமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதவே கூசுகிறது.

எதற்காக இந்தக் கடன் என்று கேட்பீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களால்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வீட்டுக்கு வந்தபோது, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் புழுக்கமா இருக்குல்ல மாமா" என்று சொன்னீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. நான் அன்றைக்குத் தூங்கவில்லை. மின்விசிறி அணைந்திருந்தது, அதைப் போடச் சொன்னார், அவ்வளவுதான் என்றாள் உங்கள் அத்தை. எனக்கோ, இந்த வீட்டில் ஏ.சி.கூட இல்லையா என்று நீங்கள் முகத்துக்கு நேரே கேட்ட மாதிரி இருந்தது. அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் முன்னறைக்கு ஒரு ஏ.சி. வாங்கிவிட்டேன், கார்டில். மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த வயருக்கு உங்க வயசு இருக்கும். இது தாங்காது" என்றார். வயரை மாற்றினோம். மாற்றியதில் சுவர் பிளந்தது. சுவரைப் பூசி வண்ணம் அடித்தால் பக்கத்துச் சுவர் அழுக்காகத் தெரிந்தது, அதற்கும் அடித்தோம். பிறகு ஏ.சி.யைப் போட்டால் அறை குளிரவில்லை. தச்சரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கதவுக்கு அடியில பூனை போகும் போலிருக்கு, குளிர் போகாதா?" என்றார். புதுக் கதவும் கார்டில்தான். இத்தனையும் பென்ஷன் நிலுவை வந்த பணம் என்று உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பிவிட்டாள். அதே சமயத்தில் அவளும் அந்த அறைக்கு, பழைய கட்டிலைக் கொடுத்தால் புதுக் கட்டிலும் மெத்தையும் தருகிறார்கள் என்று ஒன்றை வாங்கிப் போட்டாள். குளியலறைக்கும் வேறு யார் வீட்டிலோ மிச்சமான டைல்ஸை, பெரிய கண்ணாடியோடு, சும்மாவே வாங்கிப் பதித்தாள். அவள் எவ்வளவு சாமர்த்தியமாகக் குடும்பம் நடத்துகிறாள், நான் இப்படி இருக்கிறேனே என்று அப்போதே மனசு குறுகுறுத்தது.

நீங்களும் வந்தீர்கள். ஏ.சி. போட்டதும் ஒன்பது தும்மல் தும்மினீர்கள். மெத்தை முதுகுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நடு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்து விடியும்வரை நிம்மதியாகத் தூங்கினீர்கள். உங்கள்மேல் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. நீங்கள் குறட்டை விட்டபோதுதான் கார்டுக் கடனின் முழுத்தொகையும் எனக்கு ஞாபகம் வந்தது.

அதன் பிறகாவது அடைத்திருக்க வேண்டும். ஆனால் மாதா மாதம் வரும் தாளில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று ஒரு சின்னத் தொகை போட்டிருந்தார்கள். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ் என்று சொல்லிச் சொல்லியே பழகியவன் நான். அதைக் கட்டினேன், பாஸ் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு மாதம் அதையும் கட்ட முடியாமல் போக, இன்று காலை போன் வந்தது. உங்கள் அத்தை சமையலறையில் இருந்தாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பேச்சு வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். எதிர்முனையில் ஒருவன் தாளைப் பார்த்து வாசிப்பதுபோல் என் பெயரையும் பாக்கியையும் வாசித்தான். நான் "ஹும்" என்றதுமே வாசிப்பு நின்றுவிட்டது.

"சார், நீங்க கணக்கு சாரா?"

"யாருப்பா?"

"நான்தான் சார், விசில்."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் வகுப்பில் ஒரு பையன் விசில் அடிப்பான், அவன்தான். பாக்கி வசூலிக்கும் வேலையில் இருக்கிறானாம். எனக்குக் குழாய்த் தண்ணீரோடு ஓடிவிடலாம் போல இருந்தது. அவனுக்கும் சங்கடம். "சார், இந்த வட்டி எப்படி வருதுன்னு எனக்கே தெரியாது, கம்ப்யூட்டர் சொல்லுது, நான் படிக்கிறேன்" என்றான். அங்கேதான் மாப்பிள்ளை, பழக்கதோஷம். ஒரு பையன் தெரியாது என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. சோப்பை எடுத்து அந்தப் பெரிய கண்ணாடியில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

"நூறுன்னு வெச்சுக்கோ. மாசம் மூணு வட்டி. நூத்தி மூணு. அடுத்த மாசம் எதுக்கு வட்டி?"

"நூறுக்குத்தானே சார்?"

"அங்கதான்டா நீ அப்பவும் கோட்டை விட்ட. நூத்தி மூணுக்கு."

வெளியிலிருந்து, "குளிக்கிறீங்களா, யாருக்காவது பாடம் நடத்துறீங்களா?" என்று உங்கள் அத்தையின் குரல். "ரெண்டும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். ஒவ்வொரு மாதமாக எழுதிக்கொண்டே போய்க் கண்ணாடியின் அடி ஓரத்துக்கு வந்தபோது, இரண்டு வருஷத்தில் நூறு இருநூறைத் தாண்டி நின்றது. என் முகம் அந்த எண்களுக்குப் பின்னால் தெரிந்தது. சோப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா? இப்பதான் சார் புரியுது. தயவுசெஞ்சு கட்டிடுங்க சார்."

விசிலுக்கு ஒரு கணக்குப் புரிந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கண்ணாடியைக் கையாலேயே துடைத்துவிட்டு, முகத்தையும் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்போது என் நிலைமை இது. டெபாசிட்டை எடுத்தால் கடன் அடைந்து கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அது உங்கள் அத்தையின் பெயரில் இருப்பதால் அவள் கையெழுத்து வேண்டும். அவள் அந்தப் பணத்தை வீட்டில் உள்ள ஒரு ஆளைப் போல மதிக்கிறாள். "நம்ம டெபாசிட் இருக்கு, பயமில்லை" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். அப்போதெல்லாம் நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். அவள் கையெழுத்து இல்லாமல் எடுக்க ஏதாவது வழி உண்டா என்று உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இவ்வளவு எழுதிய பிறகு அதைக் கேட்க வாய் வரவில்லை. பொய் சொன்னது நான், கையெழுத்து அவளுடையது. நேரில் சொல்லித்தான் வாங்க வேண்டும். சேமிப்பைக் கொண்டு கடனை அடைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது சொல்லிவிடுவேன். நீங்கள் பதில் எழுத வேண்டாம். தப்பு என்றால் மட்டும் எழுதுங்கள்.

நீங்களும் எங்கள் பெண்ணும் கடன் உடன் இல்லாமல், கேட்ட இடத்தில் காற்றும் படுத்த இடத்தில் தூக்கமுமாக நெடுநாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த உங்கள் மாமா

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை அழுத கண்ணோடு வந்து நின்றாள். கையால் துடைத்தால் சோப்பு போகாதாம். குளிக்கப் போனவள் கண்ணாடியில் ஆவி படிந்ததும் வட்டிக் கணக்கு முழுவதையும் பார்த்திருக்கிறாள். "தெரிஞ்சுபோச்சுன்னா நேராக் கேக்க வேண்டியதுதானே, இப்படிக் கண்ணாடியில எழுதியா காட்டணும்?" என்றாள். எது தெரிந்துபோயிற்று என்று எனக்குப் புரியவில்லை. "பழைய கட்டிலுக்கு யாருங்க புதுக் கட்டில் தருவாங்க? மிச்சமான டைல்ஸ் நம்ம குளியலறைக்கு மட்டும் எப்படிங்க அளவெடுத்த மாதிரி இருக்கும்? நீங்க கணக்கு வாத்தியார், அன்னிக்கே கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். மாப்பிள்ளை வர்றாரேன்னு டெபாசிட் மேல கடன் வாங்கிட்டேன்" என்றாள். அவள் கடனைக் கழித்தால் டெபாசிட்டில் மிச்சம் இருப்பது அந்தக் கடனின் வட்டிக்கே சரியாக இருக்கும்போல. நானும் என்னுடையதைச் சொன்னேன். இரண்டு பேரும் அந்தப் புதுக் கட்டிலிலேயே உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ரொம்ப நேரம் இருந்தோம். நல்ல கட்டில்தான். ஆகவே மேலே டெபாசிட், சேமிப்பு என்று நான் எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் கடன் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். ஏ.சி.யையும் கட்டிலையும் வாங்கிக்கொள்ள ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அதனால் நீங்கள் வருவதைத் தள்ளிப்போட வேண்டாம். ஹாலில் மின்விசிறி இருக்கிறது. பாயும் இருக்கிறது. இந்த வீட்டில் உங்களுக்காகக் கடன் வாங்காமல் வைத்திருந்தது அவை இரண்டும்தான்.