கண்ணால் நிறுப்பவர்கள்

மனிதரில் கண்ணால் நிறுப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கண்டிருப்பீர்கள். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் வீதி, பஸ் தரிப்பு, எங்கே கண்டாலும் சுகம் விசாரிக்கமாட்டார்கள், பிள்ளைகளை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்து, மேற்கையைப் பிடித்து நசித்து, மெலிந்த பிள்ளையிடம் "வீட்டிலை அடுப்பு எரியிறேல்லையோ?" என்றும் மற்றப் பிள்ளையிடம் "தம்பிக்கும் ஏதும் மிச்சம் வைச்சனியோ?" என்றும் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். கெட்டவர்களா? சேச்சே! அன்பு கூடினவர்கள்.

சண்டிலிப்பாய் ஏரம்பு அந்த இனத்தில் முதல் தரம். சுன்னாகம் சந்தையில் வெங்காய வியாபாரம். சாக்கைப் பார்த்தே இத்தனை அந்தர், இத்தனை றாத்தல் என்று நிறை சொல்லுவார். தராசு பிறகு வந்து ஒப்புக்கொள்ளும். அந்தத் திறமையைச் சந்தையோடு விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வருவதில்லை.

பக்கத்து வீட்டு மீனாம்பிகைக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்து வாணி விழாவில் சரஸ்வதியாகத் தாமரையில் இருந்து பாடக் கமலாவதி ரீச்சர் அவளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார். காரணம் குரல். பிள்ளை கிணற்றடியிலும் பாடினாள், மாட்டுக்கு வைக்கோல் போடும்போதும் பாடினாள். அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

செய்தி கேட்ட ஏரம்பு வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"இரத்தினம்மா, உன்ரை பெட்டை, வெங்காயமெண்டால் முக்கால் அந்தர் போவாள். தாமரையை மட்டையிலை செய்தால் தாங்காது. வண்டில் செய்யிற ஆசாரியைப் பிடி!"

தாய் இரத்தினம்மா, "சும்மா போங்கோ அண்ணை" என்றுதான் சொன்னாள். ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னாள். மீனாம்பிகை அந்தச் சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சோறு வேண்டாம் என்றாள். மறுநாளும் வேண்டாம் என்றாள். நாவூறு பட்டுவிட்டது என்று தாய் செத்தல் மிளகாயையும் உப்பையும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறாவிட்டால்தான் நாவூறு, கமறினால் இல்லை. நன்றாகக் கமறியது. வேலிக்கு அங்காலே ஏரம்புகூடத் தும்மினார். ஆகவே பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று.

"ரீச்சர், எனக்குத் தாமரை வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"உடைஞ்சிடும்."

ரீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் தாமரையில் வேறொரு பிள்ளை இருந்து வாயசைத்தாள். மீனாம்பிகை திரைக்குப் பின்னால் நின்று பாடினாள்.

முன்வரிசையில் இருந்த ஏரம்புவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆர் பெத்த பிள்ளையடா உது? என்ன குரல்!"

"எங்கடை மீனாம்பிகைதான் அண்ணை" என்றாள் இரத்தினம்மா. "உள்ளுக்கை நிண்டு பாடுறாள்."

"உவளோ? பின்னை ஏன் விசரி ஒளிச்சு நிக்கிறாள்?" என்று ஏரம்பு மெய்யாகவே கவலைப்பட்டார்.

இனி, ஒரே ஒரு கேள்வி. மீனாம்பிகை குண்டா, ஒல்லியா என்று நான் இதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொன்னது ஏரம்பு. அப்படியிருக்க, உங்கள் மனதில் ஒரு பிள்ளை வந்து நிற்கிறாளே, அவளுக்கு நிறை பார்த்தது யார்?