எட்டு மில்லிமீட்டர் வட்டம்

காம்பஸ் முள் வழுக்கியது. வழுக்கிய வேகத்தில் தாளைக் குத்திக்கொண்டு அடியில் இருந்த பலகை வரைக்கும் போய்விட்டது.

ரேங்க்கு அதை மெல்லப் பிடுங்கினாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்கியவள் என்பது சேர்ந்த வாரமே தெரிந்துபோனதால், விடுதியில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பொறியியல் படிப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பெயருக்கு இன்னும் வேலை வரவில்லை. வரைபடப் பாடத்தில் கொடுத்த இரண்டு தாள்களும் 'மறுபடி' என்று சிவப்பு மை தாங்கித் திரும்பி வந்திருந்தன. இது மூன்றாவது, கடைசி. இதுவும் திரும்பினால், அடுத்த வருஷம் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து இதே பாடத்தைப் படிக்க வேண்டும்.

வரைய வேண்டியது, சுழலும் தண்டைத் தாங்குகிற ஓர் இரும்புத் தாங்கி. அதன் மாதிரிப் படம் வரைபடக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும். அதை வைத்து முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று தோற்றங்கள் வரைந்து, திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை பூட்டியிருந்தது. கையில் வேறு தாள் இல்லை.

முள் குத்திய ஓட்டை ரப்பருக்கு மசிகிற சாதி அல்ல. அவள் சற்று யோசித்து, அதை நடுவாக வைத்து எட்டு மில்லிமீட்டரில் ஒரு வட்டம் போட்டாள். இப்போது அது குத்திய ஓட்டை மாதிரி இல்லை, துளை மாதிரி இருந்தது.

ஆனால் முன்பக்கத்தில் துளை இருந்தால் மேல்பக்கத்திலும் பக்கவாட்டிலும் அது புள்ளிக்கோடாக வந்தாக வேண்டும். இரண்டு இடத்திலும் கோடு போட்டாள். கோடு போட்டால் அளவு எழுத வேண்டும். எழுதினாள். நான்கு மாதத்தில் அவள் வரைந்தவற்றிலேயே இதுதான் குற்றம் சொல்ல முடியாத பகுதி.

அந்த நேரம் பார்த்து அப்பா போன் பண்ணினார்.

"எப்படிம்மா போகுது?"

"நல்லா போகுதுப்பா."

"இங்கயும் முதல் மார்க்குதானே?"

"இன்னும் எண்ணலப்பா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அறைத்தோழி அவளுடைய தாளைப் பார்த்து மும்முரமாக வரைந்துகொண்டிருந்தாள்.

"சுவத்துல இருக்கற படத்துல ஒரு ஓட்டைதானே இருந்துச்சு?" என்று கேட்டாள் அறைத்தோழி.

"ஒண்ணுதான். இது தப்பா விழுந்தது. நீ போடாத."

அறைத்தோழி அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். "நீ தப்பா போட்டதுக்கா இவ்வளவு அழகா அளவு எழுதியிருக்க?"

அறைத்தோழியும் வட்டத்தைப் போட்டாள். பக்கத்து அறைக்காரி அவளைப் பார்த்துப் போட்டாள். யாரோ ஒருத்தி படம் எடுத்து வகுப்புக் குழுவில் அனுப்ப, பையன்கள் விடுதியிலும் எட்டு மில்லிமீட்டர் வட்டம் விழ ஆரம்பித்தது.

ரேங்க்கு பதறிப்போய்க் குழுவில் எழுதினாள்: "அந்த வட்டம் தப்பு. எல்லாரும் அழிச்சிடுங்க."

உடனே பதில் வந்தது: "தான் மட்டும் பாஸாகணும்னு பாக்கறா. யாரும் அழிக்காதீங்க."

அதுவரை வட்டம் போடாதவர்களும் இப்போது போட்டார்கள்.

சரி, ஊர் எப்படியோ போகட்டும், நம்முடையதையாவது சரி செய்வோம் என்று அவள் ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். தாள் பஞ்சாகிக் கிழிந்தது. கிழிசலை மறைக்க எட்டு போதவில்லை. பன்னிரண்டு மில்லிமீட்டரில் இன்னொரு வட்டம் போட்டு, அளவையும் மாற்றி எழுதினாள்.

அறைத்தோழி எட்டிப் பார்த்தாள். போனை எடுத்து, "ரேங்க்கு பன்னெண்டா மாத்திட்டா" என்று குழுவில் போட்டாள். மாலைக்குள் இரண்டு விடுதியிலும் வட்டம் பெரிதாகிவிட்டது. பொறுப்பான ஒரு பையன் அந்தத் துளைக்குள் ஒரு திருகாணியையும் வரைந்து வைத்திருந்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வரைபட ஆசிரியர் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அறுபது தாள்கள். மூலையில் உதவியாளர் துணியால் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அறுபது தாள்ல அம்பத்தெட்டுல இந்த ஓட்டை இருக்கு," என்றார் ஆசிரியர். "விசாரிச்சேன். எல்லாரும் உன் பேரைத்தான் சொல்றாங்க. எதுக்கும்மா இது?"

அவள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்: முள், வட்டம், புள்ளிக்கோடு, ரப்பர், கிழிசல்.

ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. எழுந்துபோய்ச் சுவரில் இருந்த மாதிரிப் படத்தின் முன்னால் நின்றார்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் வரைஞ்ச படம் இது. நான் சேர்ந்த முதல் நாள்லேர்ந்து இதை வச்சுத்தான் பாடம் எடுக்கறேன். பதினாறு வருஷம். இதுல எத்தனை ஓட்டை இருக்கு?"

"ஒண்ணு சார்."

"எதுக்கு?"

"எண்ணெய் ஊத்தறதுக்கு சார்."

"ஆமா. அது இல்லன்னா தேஞ்சு போயிடும். வருஷா வருஷம் பட்டறையில பசங்க ரெண்டு மணி நேரம் நின்னு இந்த ஓட்டையைப் போடறாங்க. பரீட்சையில கேள்வியே வருது. வரைபடத்துல காரணம் இல்லாம ஒரு கோடு இருக்கக் கூடாதும்மா. தப்பை மறைக்க வட்டம் போடற ஆளு நாளைக்குப் பாலம் கட்டினா என்ன ஆகும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. பாலத்துக்காக அல்ல, அப்பாவுக்காக.

"வகுப்பையே பெயில் போட்டா என்னைத்தான் கேள்வி கேப்பாங்க," என்று ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "அந்த ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் வியாழக்கிழமைக்குள்ள மறுபடி வரைஞ்சு கொடுங்க. போய்ச் சொல்லு."

அவர் அடுத்த வகுப்புக்குக் கிளம்பிப் போனார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஐம்பத்தெட்டுத் தாள்களையும் அடுக்கினாள். உதவியாளர் துணியைக் கீழே வைத்தார். வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார்.

"அழாதம்மா. இந்த சார் வந்து சேர்றதுக்கு முந்தின நாள் அந்தப் படத்தை மாட்டினது நான்தான். ஆணி தவறிப் படத்து மேலயே இறங்கிடுச்சு, பாக்க அசிங்கமா இருக்கேன்னு சுத்தி ஒரு வட்டம் போட்டு விட்டேன். அது எண்ணெய் ஊத்தறதுக்குன்னு எனக்கே சார் சொல்லித்தான் தெரியும்."