ஓடைக்குப் போக ஐந்து பேருக்கு அனுமதி

எந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தாலும், அதில் எழுதியிருக்கிற குற்றத்தை நான் ஏற்கெனவே செய்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அரசாங்கத் தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். புரியாத அந்தப் பாதியில்தான் ஜெயில் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

பென்னாகரத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அப்போது என் தங்கை கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன் வந்த மூன்று இடங்களும் "பொண்ணுக்கு வயசு ஜாஸ்தி" என்று சொல்லிக் கழன்றுகொண்டன. அதனால் நான்காவது இடம் வந்தபோது நானே துணிந்து அவள் வயதிலிருந்து நாலைக் கத்தரித்துவிட்டேன். (தையல்காரிதானே, கை பழகியிருந்தது.) முப்பது, இருபத்தாறு ஆனது. ஜாதகம் எழுதி வைக்கும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை. கோயிலில் பூ கேட்டோம், வெள்ளைப் பூ வந்தது, முடிந்தது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே என்னை யாரு முன்னாடியும் நிக்க வெக்காதக்கா" என்று கவிதா சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை மாதேஷ் பெங்களூரில் வேலை செய்தார். அவருடைய அம்மா தருமபுரியில் இருந்தார். ஒருநாள் அந்த அம்மா போன் செய்தார்.

"ஏம்மா சாந்தி, உங்க ஊருப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு ஓடை இருக்குதாமே. எங்க பையன் பாக்கணும்னு ஆசைப்படறான். ஒருநாள் போயி குளிச்சுட்டு, சாப்ட்டுட்டு, அங்கயே தேதி பேசிடலாம்."

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. தேதி பேச ஓடை எதற்கு? காட்டில் நடக்கவிட்டு, தங்கை நொண்டுகிறாளா என்று பார்க்கப் போகிறார்களோ?

என் வீட்டுக்காரர் வேறு மாதிரி யோசித்தார். "முன்னெல்லாம் நேரா போயி குளிச்சுட்டு வருவோம். இப்போ பர்மிட்டு கேக்கறாங்க. ஆடு மேய்க்கறவங்க போற தடம் ஒண்ணு இருக்குது, அப்படிப் போயிடலாம் வா."

"சம்பந்தம் பேசப் போற எடத்துல எல்லாரையும் புடிச்சு உக்கார வெச்சா?" என்று கேட்டுவிட்டு நானே வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே சுவரில் விதிமுறைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் படித்துவிட்டு எழுத்தரிடம் போனேன்.

"ஏங்க, வன உயிரினங்களுக்கு உணவளிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே. கொசு கடிச்சா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களா குடுக்கறதுதாங்க தப்பு. அது அதுவா எடுத்துக்குது."

"பிளாஸ்டிக் கூடாதுன்னா, சட்டையில பொத்தான் இருக்குதுங்களே?"

"பொத்தானைக் காட்டுல பிச்சுப் போடாம திரும்பக் கொண்டாந்துடுங்க, போதும்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காத அதிகாரி ஏதோ குறித்து வைத்துக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தார். பெயர், வயது, ஆதார் நகல். அடியில் ஒரு வரி: 'பொய்யான தகவல் அளிப்போர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

இருபத்தாறு என்று எழுதினால் நான் ஜெயிலுக்குப் போவேன். முப்பது என்று எழுதினால் கல்யாணம் போகும். இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உண்மையை எழுதுவது, அவர்கள் தருகிற பர்மிட்டை மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் காட்டாமல் என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வது.

அடுத்து, அவர்களிடம் ஆதார் நகல் கேட்டேன். போனில் அந்த அம்மாதான் எடுத்தார்.

"ஆதாரா? எதுக்கு?"

"ஆபீஸ்ல கேக்கறாங்கம்மா."

"ஆபீஸா, நீங்களா?"

மறுநாள் பேருந்தில் ஒருவர் மூலம் காக்கி உறை ஒன்று வந்தது. சுற்றிலும் ஏழு ஸ்டேப்ளர் பின். மேலே 'ஆபீஸில் மட்டும் பிரிக்கவும்' என்று எழுதியிருந்தது. நம்மிடம் காட்டக் கூடாத அளவுக்கு ஒரு ஆதாரில் என்னதான் இருக்கும்? ஏற்கெனவே கல்யாணம் ஆனவரோ? உறையை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன். காக்கி உறை, ஒன்றும் தெரியவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்தர் பிரித்துப் பார்த்து, பர்மிட் எழுதி, முத்திரை குத்தி, மடித்துக் கொடுத்தார். வெளியே வந்து நான் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் மடித்த அரசாங்கக் காகிதத்தைப் பிரிப்பது குற்றமோ என்று பயமாக இருந்தது. (சிரிக்காதீர்கள். நான் இப்படித்தான்.)

ஞாயிற்றுக்கிழமை காலை, புளிசோற்றுத் தூக்கோடு ஐந்து பேரும் அவர்கள் காரில் செக்போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வனக்காவலர் வந்தார்.

"எறங்கி வரிசையா நில்லுங்க. பேரு கூப்புட்டு உள்ள வுடணும். சாயங்காலம் இதே மாதிரி கூப்புட்டு வெளிய வுடணும். யாரும் காட்டுக்குள்ள தங்கிடக் கூடாது பாருங்க."

காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பேரைத்தானே கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"மாதேஷ். வயசு முப்பத்தாறு."

எங்களிடம் சொன்னது முப்பத்தொன்று. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் மரத்தில் இருந்த குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவிதா. வயசு முப்பது."

இப்போது அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் குரங்கைப் பார்த்தேன்.

"சார், தப்பா எழுதியிருக்குது" என்றார் அந்த அம்மா. "எம் பையனுக்கு முப்பத்தொண்ணுதான்."

"எந் தங்கச்சிக்கும் இருபத்தாறுதானுங்க" என்றேன், ஜெயிலை மறந்து.

காவலர் காகிதத்தை மடித்தார். "அப்போ பர்மிட் செல்லாதுங்க. ஆபீஸ்ல திருத்தி, வேற நாளைக்கு வாங்க. இல்லைன்னா இதுல இருக்கறது சரின்னு அவங்கவங்க வாயால சொல்லணும்."

கவிதாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. நான்காவது இடமும் போயிற்று, அதுவும் என் கத்தரியால்.

மாதேஷ் முன்னால் வந்தார். "சரிதான் சார். முப்பத்தாறு."

"எனக்கும் சரிதான் சார். முப்பது" என்றாள் கவிதா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அது புதிதாகச் சிரிக்கிற சிரிப்பாக இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"போன மாசமே போன்ல சொல்லிட்டாருக்கா. நானும் சொல்லிட்டேன். நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கறீங்களே, எதுக்குக் கெடுக்கணும்னுதான் பேசாம இருந்தோம்."

மாப்பிள்ளை வீட்டின் மேல் சந்தேகப்பட்டேன், எழுத்தர் மேல் சந்தேகப்பட்டேன், கொசுவின் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். ராத்திரி பகலாகப் போனும் கையுமாக இருந்த தங்கையின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த அம்மா என் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டார். "சரி வுடு. முப்பதுன்னா வெவரமாத்தான் குடும்பம் பண்ணுவா. உள்ள நட, பசிக்குது."

அடுத்து காவலர் அந்த அம்மாவின் பெயரையும் என் வீட்டுக்காரர் பெயரையும் கூப்பிட்டார். (அந்த அம்மாவும் தனக்கு ஏழு வயது குறைத்துத்தான் சொல்லியிருந்தார். அதைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை.) என் வீட்டுக்காரருக்கு நாற்பது. அதில் வில்லங்கம் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கடைசியா, பர்மிட் வாங்குனவங்க. சாந்தி. வயசு நாப்பத்திரண்டு."

தங்கையின் வயதுக்குப் பயந்து பயந்தே என் வயதை மறந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் பேசியபோதும் எங்கள் வீட்டில் கத்தரி போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எந்தக் காகிதத்தையும் படிக்காதவர் என்பதால் பதினேழு வருடம் அது தெரியாமலே ஓடிவிட்டது.

அவர் மெதுவாகத் திரும்பி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"சரிங்களா?" என்றார் காவலர்.

"சரிதானுங்க" என்றேன். ஓடைத் தண்ணீர் அன்றைக்கு மிகவும் நன்றாக இருந்ததாக மற்ற நாலு பேரும் சொன்னார்கள். சாயங்காலம் அதே காவலர், பின்னால் காத்திருந்த இரண்டு குடும்பங்களுக்கும் கேட்கும்படி, எல்லா வயதையும் இன்னொரு முறை படித்து எங்களை வெளியே விட்டார்.

கவிதாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாராவது வயது கேட்டால், "வூட்டு வயசா, செக்போஸ்ட் வயசா?" என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் வயது கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "செக்போஸ்ட் வயசையே சொல்லிடுங்கக்கா" என்றார்.

நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"கூட வந்திருக்கறது உங்க தம்பிங்களா?"