கரடியார் நின்ற சுவர்

ஒரு காட்டில், தேன் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற கரடி ஒருவர் வாழ்ந்து வந்தார். பெயர் மாசிலாமணி. அந்தக் காட்டில் யாருக்கு எந்த அவசரம் வந்தாலும் பக்கத்தில் ஒரு புதர் இருந்தது. ஆகவே 'எங்கே போவது' என்ற கேள்வி அவருக்கு அறுபத்து நான்கு வயதுவரை எழவே இல்லை.

அவர் மனைவி செல்லாத்தாளுக்குக் கப்பல் பயணம் போக ஆசை. ஐரோப்பாவின் வடகோடியில் ஏதோ ஒரு துறைமுக நகரத்து மணிக்கூண்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். பகல் பன்னிரண்டு அடித்ததும் அதற்குள்ளிருந்து மரப்பொம்மைகள் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகும். மூன்று வருடம் நச்சரித்து அவரைக் கிளப்பினாள். பக்கத்துக் குகை நரி பரமானந்தமும் கூடவே ஒட்டிக்கொண்டார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர்களுக்கே அந்த ஊரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற நரி அவர்.

கப்பல் அந்த நகரத்தில் நின்ற காலை, சாப்பாட்டுக் கூடத்தில் 'பழச்சாறு வேண்டிய மட்டும்' என்று எழுதியிருந்தது. கரடியார் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஐந்து டம்ளர் குடித்தார். அதன்மேல், அடிக்கடி புதர் தேடவைக்கும் ரத்த அழுத்த மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.

கரையில் இங்கிரித் என்ற வாத்து காத்திருந்தது. அதுதான் வழிகாட்டி. எல்லோர் மார்பிலும் '27' என்று ஒரு வில்லையை ஒட்டியது.

"நாம் நடந்தே ஊரைச் சுற்றப் போகிறோம். மூன்று மணி நேரம். நாலரைக்குக் கப்பல் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது."

பத்தரை மணிக்கு, ஒரு மீன் வணிகர் மாளிகை முன்னால், கரடியாரின் அடிவயிறு முதல் தடவை பேசியது. குளிர்காற்று அதற்குத் தாளம் போட்டது. வாத்து அந்த மாளிகையின் கதவைப் பற்றிப் பதினைந்து நிமிடம் விளக்கியது. சங்கத்தில் அத்தனை பேரையும் எழுந்து நிற்கவைத்த தலைவர், ஒரு வாத்திடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்பதா? கேட்கவில்லை.

அடுத்த தெரு முனையில் சிவப்பு விளக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வண்டிகூட இல்லை. ஆனாலும் ஊர்க்காரர்கள் எல்லோரும் சிலைபோல நின்றார்கள். கரடியார் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"என்ன ஒழுக்கம் பாத்தீங்களா?" என்றார் பரமானந்தம். "நம்ம காட்டுல இது வருமா?"

"வராது" என்றார் கரடியார், பல்லைக் கடித்துக்கொண்டு.

சதுக்கத்தின் ஓரத்தில் எஃகால் செய்த ஒரு சிறிய அறை தெரிந்தது. கதவில் படம் போட்டிருந்தது, சந்தேகமே இல்லை. கரடியார் நைசாகக் கூட்டத்திலிருந்து கழன்றார். கதவு திறக்கவில்லை. செயலியை இறக்கச் சொன்னது. இறக்கினார். படிவம் வந்தது. பெயர், பிறந்த தேதி, போன் எண், வசிப்பிடம்: குகையா, மரப்பொந்தா, வளையா, பிற? இடுப்பை ஒடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பினார். 'உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்' என்றது. பழக்கதோஷத்தில் அவர் போட்டிருந்த எண், காட்டில் மகன் கதிரேசனிடம் விட்டுவந்த பழைய போனில் இருந்தது.

கப்பல்காரர்கள் கொடுத்திருந்த புது எண்ணிலிருந்து மகனை அழைத்தார்.

"கதிரேசா, அப்பா பேசறேன். ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் படி."

அந்தப் பக்கம் மகனின் குரல் உஷாரானது.

"யாருங்க நீங்க?"

"அப்பன்டா."

"எங்கப்பா குரல்லயே பேசறீங்க. யார் ஓடிபி கேட்டாலும் குடுக்காதே, நானே கேட்டாலும் குடுக்காதேன்னு எங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. வையுங்க, போலீசுக்குப் போயிடுவேன்."

கரடியார் இரண்டாம் முறை அழைத்தார். மகன் அந்த எண்ணைத் தடை செய்திருந்தான். பிள்ளையை நன்றாக வளர்த்திருந்தார்.

திரும்பி வந்தபோது கூட்டம் மணிக்கூண்டுக்கு அடியில் நின்றது. மணி பன்னிரண்டாக இன்னும் ஏழு நிமிடம். செல்லாத்தாள் அவர் கையைப் பிடித்தாள்.

"எங்கே போனீங்க? பக்கத்துல நில்லுங்க. பொம்மை வரும்போது ரெண்டு பேரும் சேந்து பாக்கணும்."

அவள் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடமாக அவள் காத்திருந்த ஏழு நிமிடம் அது. நின்றுவிடத்தான் நினைத்தார். ஆனால் உடம்பு கணவன் சொல்லையும் கேட்கவில்லை, தலைவர் சொல்லையும் கேட்கவில்லை.

"இதோ வந்துடறேன்" என்று கையை உருவிக்கொண்டு ஓடினார்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆள் நடமாட்டம் இல்லை. சந்தின் கோடியில் பாசி படிந்த ஒரு கருங்கல் சுவர். அதில் உள்ளூர் மொழியில் ஒரு பலகை. கரடியாருக்கு அந்த மொழி தெரியாதது நல்லதாகப் போயிற்று. சுவரைப் பார்த்து நின்றார். தலை தாழ்ந்தது, கண்கள் மூடின, உதடுகள் தாமாகவே ஏதோ முணுமுணுத்தன. பதினெட்டு வருடப் பதவியில் கிடைக்காத நிம்மதி அது.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ஒரு மான் தலை குனிந்து நின்றது. அதற்கடுத்து இரண்டு முயல்கள். பின்னால் பரமானந்தம்.

"எங்களை விட்டுட்டுத் தனியா வந்து வேண்டிக்கிறீங்களே" என்று நரி கிசுகிசுத்தார். "நீங்க நின்ன தோரணையைப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. பலகையிலேயும் புனித இடம்னுதான் போட்டிருக்கு."

பிறகு அவர் கண் சுவரின் அடிப்பக்கம் போனது. "அட, ஊத்து கசியுது. அதுவும் வெதுவெதுன்னு."

இருபத்தேழாம் எண் கூட்டம் முழுவதும் சந்துக்குள் வந்துவிட்டது. முப்பத்தொன்றாம் எண்ணும் வந்தது. வரிசை நின்றது. வாத்து மூச்சிரைக்க ஓடிவந்து பலகையைப் பார்த்தது. அதற்குப் படிக்கத் தெரியும். கரடியாரையும் ஒரு தடவை பார்த்தது. நாற்பது கேமராக்கள் அதன் பக்கம் திரும்பின.

"பதினான்காம் நூற்றாண்டு" என்றது வாத்து.

கடைசியாக வந்தாள் செல்லாத்தாள். அவரைத் தேடித் தெருத்தெருவாக அலைந்திருந்தாள். மணி பன்னிரண்டு அடித்தது காதில் விழுந்ததாம், பொம்மைகளைப் பார்க்கவில்லையாம். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

கரடியாருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாயையும் திறந்தார். அதற்குள் அவள் குனிந்து, விரல் நுனியால் அந்த ஊற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டாள்.

"என்னங்க வேண்டிக்கிட்டீங்க?"

"உனக்காகத்தான்" என்றார்.

"பொம்மை கெடக்குது விடுங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது டிவியிலேயே வருது. இது வருமா?"

மறு மாதமே நகராட்சி அந்தச் சந்தின் வாயில் கம்பித் தடுப்பு போட்டு, நுழைவுச் சீட்டு வழங்கத் தொடங்கியது. பழைய பலகையைக் கழற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால், எதிரிலேயே ஒரு கழிப்பறையும் கட்டினார்கள்.

நீதி: வரலாற்றில் இடம்பிடிக்க விரும்புகிறவன், யாரும் பார்க்காதபோது காரியத்தை முடித்துவிட்டு, எல்லோரும் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.