புரியும்படி ஒரு காகிதம்

ஒஹாயோவில் உள்ள எங்கள் குழாய்க் கம்பெனி, இனிமேல் இளமைப் பொலிவோடு விளங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மறுநாளே சோதனைப் பிரிவில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஏழு பேருக்கும் வேலைநீக்க உறை போயிற்று. ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அறுபத்தொரு வயது வாண்டா மட்டும் உறையைத் தூக்கிக்கொண்டு எங்கள் மனிதவள அறைக்கு வந்தாள். நான் அங்கே டைப்பிஸ்ட்.

"என்ன தம்பி இது, பன்னிரண்டு பக்கம்?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

அதிகாரி கிரெய்க் பவ்யமாக எழுந்தார். "நாங்க குடுக்கிற பணத்தை வாங்கிக்கிட்டு, வயசுக்காக அனுப்பிட்டாங்கன்னு எங்க மேல வழக்குப் போட மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கிறது மேடம். யோசிக்க நாற்பத்தஞ்சு நாள். கையெழுத்துப் போட்டப்புறமும் மனசு மாற ஏழு நாள். வக்கீலைப் பாருங்கன்னு நாங்களே போட்டிருக்கோம். எல்லாம் உங்க பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து?"

"எங்ககிட்டேருந்துதான்."

கடைசிப் பக்கத்தில் சட்டப்படி வயதுப் பட்டியல் இருந்தது. போகிறவர்கள்: 56, 57, 58, 59, 61, 62, 63 என்று ஏழு பேர். இருப்பவர்கள்: 24, 27, 31.

"இதுல வயசு சம்பந்தமே இல்லையாக்கும்?"

"தற்செயல் மேடம். வரிசையா அமைஞ்சுபோச்சு."

"எனக்கு ஒண்ணும் புரியலை தம்பி."

கிரெய்க்குக்கு வியர்த்துவிட்டது. புரியாமல் போட்ட கையெழுத்து செல்லாது என்பது சட்டம். பன்னிரண்டு பக்கத்தை நான்காக்கச் சொன்னார். ஆக்கினேன். வாண்டா நிதானமாகப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நான்கை ஒன்றாக்கினேன். "இன்னும் கொஞ்சம் தெளிவா" என்றாள். குழாயில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இதுவா புரியாது! எனக்கு உள்ளூர ஒரே குஷி. நாற்பத்து நான்காம் நாள் கிரெய்க் பொறுமையிழந்து தானே வாய்விட்டுச் சொன்னார். நான் எழுத்துப் பிசகாமல் அடித்தேன்:

'தங்களுக்கு வயதாகிவிட்டது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு, வழக்குப் போடாமல் போகவும். இப்படிக்கு, நிர்வாகம்.'

"இப்பப் புரிஞ்சுது தம்பி. தங்கமா எழுதியிருக்கீங்க!" என்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போனாள். கம்பெனியே சொன்ன யோசனைதானே?

வக்கீலின் கடிதம் வந்ததும், யோசிக்க அவகாசம் வேண்டுமென்று கேட்டது கம்பெனி. வாண்டா தன் சோதனை மேசையை விட்டு அசையவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் போட்ட கையெழுத்தும் செல்லாதென்று, போன ஆறு பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் கிரெய்க்குக்கு நாற்பது வயது நிறைந்தது. நாற்பதிலிருந்து இந்தச் சட்டம் பாதுகாக்கத் தொடங்கிவிடும். கேக்குக்குப் பக்கத்திலேயே உறை இருந்தது.

என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, பன்னிரண்டு பக்கம் இருக்கு. தலையும் புரியலை, வாலும் புரியலை. கொஞ்சம் சுருக்கி அடிச்சுக் குடேன்."

கொடுத்திருப்பேன். ஆனால் அன்று காலையில்தான் அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது.

"எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்றேன்.