நீ சிவப்புப் புள்ளி வைத்த ஹோட்டல்கள் பற்றி

வேளைக்கு உண்டு, வீட்டில் உறங்கி, சகல சௌக்கியத்துடன் வாழும் என் மைத்துனனுக்கு, உன் அத்தான் ஒரு மலைப்பாதை விடுதியின் கட்டிலில் குப்புறப் படுத்தபடி எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை நீயே படித்துத் தெரிந்துகொள். நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். மற்றவர்களை ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

உன் அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, தையல் ஆறி, டாக்டரம்மா "இனிமே எல்லாம் சாப்பிடலாம்" என்று கையெழுத்துப் போட்ட பிறகும் அவளுக்கும் சாப்பாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது உனக்குத் தெரியும். தட்டில் இருப்பதை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தள்ளுவாள், அங்கிருந்து இந்தக் கரைக்குத் தள்ளுவாள், "போதுங்க" என்று எழுந்துவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தொழிற்சாலை முழுவதற்கும் கேன்டீன் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பந்திக்குப் பந்தி ஆட்களை நிறைத்து அனுப்பியவன். வீட்டில் ஒரே ஒரு ஆளைச் சாப்பிட வைக்க முடியாமல் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்தாய். "அத்தான், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவுல ரோடு. அந்தக் காத்துக்கே பசி பிச்சுக்கும். எங்கெங்க சாப்பிடணும்னு மேப்ல சிவப்புப் புள்ளி வச்சு அனுப்பறேன். நீங்க எதையும் யோசிக்காதீங்க." யோசிக்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

நீ ஏற்பாடு செய்த காரும் வந்தது, அதில் ஒரு டிரைவரும் வந்தார். நல்ல மனிதர். ஆனால் என்ன கேட்டாலும் "அடுத்த வளைவு தாண்டினா வந்துடும் சார்" என்பார். ஹோட்டல் எங்கே என்றாலும் அடுத்த வளைவு, பெட்ரோல் பங்க் எங்கே என்றாலும் அடுத்த வளைவு. உன் அக்கா அவருக்கு "அடுத்த வளைவு" என்றே பெயர் வைத்துவிட்டாள். அப்படி எத்தனையோ அடுத்த வளைவுகளைத் தாண்டி உன் முதல் சிவப்புப் புள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். மலை விளிம்பில் முழுக்க முழுக்கக் கண்ணாடியால் கட்டிய ஹோட்டல். ஜன்னலோர மேசைக்கு முன்பதிவு, அதற்குத் தனி மரியாதை, நாற்காலியை இழுத்துவிட ஓர் ஆள். உட்கார்ந்து வெளியே பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே மேகம். பக்கத்து மேசைக்காரர் தெரிகிறார், உலகம் தெரியவில்லை. பரிமாறுகிறவர் வெள்ளைக் கையுறையோடு வந்து, ஜன்னலுக்கு வெளியே மேகத்தைக் கைகாட்டி, "இந்தப் பக்கம் கடல் சார், அந்தப் பக்கம் தீவு. இப்ப நீங்க மனசுல நினைச்சுக்கணும்" என்றார். சரி, கடலை நினைத்துக்கொண்டோம். சாப்பாடு வந்தது. லாரி ஸ்டியரிங் அளவுக்கு ஒரு தட்டு, அதன் நடுவில் கட்டை விரல் அளவுக்கு ஒரு மீன் துண்டு, அதன்மேல் ஒரு இலை, ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி ஏதோ.

"இது என்னங்க நுரை?"

"கடல் காத்து சார். எங்க செஃப் கடல் காத்தையே ருசியா கொண்டு வந்திருக்கார்."

"காத்தை வெளியில சும்மாவே தர்றாங்களே, அதை எதுக்குங்க தட்டுல வைக்கிறீங்க?"

அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது பார், நாகரிகம் தெரியாதவனை நாகரிகமாகப் பார்க்கும் பரிதாபம்! இவர்கள் சாப்பாடு போடுகிறவர்கள் இல்லை, சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள். உன் அக்கா நுரையை ஸ்பூனால் தொட்டு நாக்கில் வைத்தாள், ஸ்பூனைக் கவிழ்த்து வைத்தாள், "மேகம் நல்லாருக்குங்க" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. பசியால் மட்டும் இல்லை.

இரண்டாவது புள்ளி மீன்பிடித் துறைமுகத்தின் மேல். வாசலிலேயே பெரிய தொட்டி, அதில் உயிரோடு மீன்கள். எது வேண்டுமோ அதைக் கைகாட்ட வேண்டும், பிடித்துச் சமைத்துத் தருவார்களாம். கொலைக்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுவது போல் நம்மையே முன்னால் நிறுத்துகிறார்கள். உன் அக்கா தொட்டி முன்னால் நின்றாள், குனிந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். வலை வைத்திருந்தவர் "எதும்மா வேணும்?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனார். அவள் என் பக்கம் திரும்பி, "ஏங்க, அந்த ஓரத்துல இருக்கறது என்னையே பாக்குதுங்க. ஆஸ்பத்திரி வார்டுல நான் ஜன்னல் வழியா பாத்த மாதிரியே பாக்குது" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன ஆர்டர் செய்ய? மேனேஜரைக் கூப்பிட்டு, அந்த மீனை யாருக்கும் சமைக்கக் கூடாது என்றேன். அவர் "அப்ப வளர்க்க எடுத்துட்டுப் போறீங்களா சார்?" என்று சீரியஸாகக் கேட்டார், பொட்டலம் கட்ட ஆளையும் கூப்பிட்டுவிட்டார். தப்பித்து வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நாங்கள் காரில் வறண்ட ரொட்டியை மென்றோம். உள்ளே நம்ம அடுத்த வளைவு மட்டும் நிதானமாக ஒரு மீனை முடித்துவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே வந்து, "நல்ல இடம் சார்" என்றார்.

மூன்றாவது புள்ளி, நீ போனில் அடித்துச் சொன்ன அதே சுற்றும் ஹோட்டல். மலை உச்சியில் கோபுரம், கோபுரத்தின் தலையில் வட்டமாக ஹால், மேசைகள் மட்டும் மெல்லச் சுற்றும். உட்கார்ந்த இடத்திலேயே கடலும் மலையும் மாறி மாறி வருமாம். ஏனப்பா, சாப்பிடும்போது மனிதன் ஓர் இடத்தில் இருக்கக் கூடாதா? சாப்பாடு வரும் முன் கை கழுவப் போனேன். விவரமாக அடையாளம் வேறு வைத்துக்கொண்டேன், தூணுக்கு அடுத்த மேசை, உன் அக்கா போர்த்தியிருந்த நீல சால்வை என்று. திரும்பி வந்தேன், தூண் இருந்தது, தூணுக்கு அடுத்து மேசை இருந்தது, நீல சால்வை போர்த்திய பெண் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், எதிரே தட்டில் கட்லெட் வந்திருந்தது. உட்கார்ந்தேன். ஒரு கடி கடித்தேன். "இந்தக் கட்லெட்டை மட்டும் எங்க கேன்டீன்ல போட்டிருந்தா, மத்தியானத்துக்குள்ள ஸ்டிரைக் வந்திருக்கும். உன் தம்பிக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் வாடகைக்கு விட்டுட்டானா?" என்றேன். சால்வை திரும்பியது. அது உன் அக்கா இல்லை. யாரோ ஒரு பெண்மணி, ஒரு பள்ளிக்கூடத்தையே பார்வையால் அடக்கியிருக்கக்கூடிய முகம்.

"யாரு நீங்க? என் தம்பியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் முழித்த முழியில் அந்த அம்மாளே பயந்துபோனார். அதற்குள் அவருடைய வீட்டுக்காரர், சுவர் மாதிரி ஒரு மனிதர், கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் தலைக்கு மேல் நின்றார். "சார், அது என் சேர். அது என் கட்லெட்" என்றார். என் கையில் இருந்ததோ பாதிக் கட்லெட். அதைத் தட்டில் திரும்ப வைப்பதா, விழுங்கிவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "மன்னிக்கணும், தூண் நகர்ந்துடுச்சு" என்று உளறினேன். "தூண் நகரல சார், நீங்கதான் நகரணும்" என்றார் அவர். அப்போது ஹால் முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு. நான்கைந்து மேசைகள் தள்ளி, வயிற்றில் கையை அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உன் அக்கா. "ஐயோ, தையல் பிரிஞ்சிடுங்க, இங்க வாங்க, என்னைச் சிரிக்க வைக்காதீங்க" என்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பு கேட்ட சிரிப்பு அது. நான் அசடு வழியப் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டாளா? இல்லை. சிரித்ததில் மூச்சு வாங்கி, தண்ணீர் மட்டும் குடித்தாள். ஆகவே இதற்காக நீ பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அவளைச் சிரிக்க வைத்தது நான்தான், உன் ஹோட்டல் இல்லை.

அன்றோடு உன் புள்ளிகளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சாப்பாட்டுக் கடை எது என்று எனக்குச் சொல்லித்தர இன்னொருவன் வேண்டுமா? மறுநாள் மத்தியானம், மலைக் கணவாயின் பஸ் நிறுத்தத்தில் ஒரு கடையைக் கண்டேன். கண்ணாடி இல்லை, கையுறை இல்லை. பெரிய அண்டா, ஆவி, நீண்ட பெஞ்சு, தோளோடு தோள் இடித்துச் சாப்பிடும் பஸ் டிரைவர்கள். "நிறுத்துங்க" என்றேன். அடுத்த வளைவு முதன்முறையாக வாய் திறந்து புத்தி சொன்னார்: "இங்க வேணாம் சார். நாங்களே இங்க டீயோட நிறுத்திக்குவோம்." கேட்டேனா? உன் அக்காவுக்குப் பாடம் வேறு எடுத்தேன். கூட்டத்தைப் பார், ஆவியைப் பார், பெஞ்சு துடைத்திருப்பதைப் பார், ஒரு கடையை இப்படித்தான் எடை போட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி இரண்டு தடவை குழம்பு வாங்கி ஊற்றிக்கொண்டேன். அவள் டீயைக் குடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்தக் குழம்பு என் உள்ளே போய் என்ன பேசியதோ, மலை இறங்கத் தொடங்கியதும் கார் ஒவ்வொரு வளைவிலும் நிற்க வேண்டியதாயிற்று. "சார், அடுத்த வளைவு வரைக்கும் தாங்குவீங்களா?" என்று அவர் கேட்க, "தாங்காது" என்று நான் சொல்ல, இயற்கைக் காட்சிகள் அத்தனையையும் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். கடல் அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த விடுதிக்கு வந்து விழுந்தேன். இன்று காலை எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. உன் அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அதிகாரம் எடுத்துக்கொண்டாள். "நீங்க படுங்க. பேசாதீங்க. கேன்டீன் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது" என்றாள். விடுதிச் சமையல்காரம்மாவிடம் சொல்லிக் கஞ்சி வைக்கச் செய்து, கிண்ணத்தோடு கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். எனக்கு இரண்டு வாய் ஊட்டினாள். "உப்பு சரியா இருக்கா?" என்றாள். எனக்கு நாக்கில் ருசியே இல்லை, என்ன சொல்ல? "இருங்க, நானே பாக்கறேன்" என்று ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். "கம்மியா இருக்கே" என்று உப்புப் போட்டுக் கலக்கி, இன்னொரு ஸ்பூன் பார்த்தாள். "இப்ப கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்று இன்னொன்று. அப்புறம் உப்பைப் பற்றிய பேச்சையே காணோம். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, சமையல்காரம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்குக் கல்யாணம் என்று எனக்குக் கதை சொன்னாள், ஸ்பூன் அது பாட்டுக்கு அவள் வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசி குடலைப் பிடுங்கியது. மூச்சு விடவில்லை. விட்டால் ஸ்பூன் நின்றுவிடுமோ என்று பயம். கடைசியில் ஸ்பூன் கிண்ணத்தின் அடியில் உரசிய சத்தம் கேட்டுத்தான் அவளே குனிந்து பார்த்தாள். "ஐயோ, உங்க கஞ்சியாச்சே!" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முகத்தை அவளுக்குக் காட்டுகிற நிலைமையில் நான் இல்லை. திரும்பாமலேயே, "இன்னொரு கிண்ணம் சொல்லு. எனக்கு வேணாம், உப்பு பாக்கறதுக்கு" என்றேன்.

ஆக, கண்ணாடி மாளிகையும் மீன் தொட்டியும் சுற்றும் கோபுரமும் செய்யாததை ஒரு கிண்ணம் கஞ்சி செய்தது என்பதை உனக்கு எழுத்து மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இனிமேல் யாருக்கும் புள்ளி வைத்துத் தராதே. உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், அப்பனுக்கு இல்லாத நாக்கோடும் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
வயிறு நொந்த உன் அத்தான்

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அக்கா எட்டிப் பார்த்தாள். உனக்கு நன்றி சொல்லி எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே. நாளைக்கு ஊர் திரும்புவதாக இருந்தோம், அவளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டுமாம். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் இன்னும் அழகாக இருக்கும் என்று அடுத்த வளைவு சொல்கிறார். அந்த வழியில் எங்கெங்கே சாப்பிடலாம் என்று சீக்கிரம் புள்ளி வைத்து அனுப்பு. நீயே பார்த்து வை. என்னை மட்டும் கேட்காதே.